பன்னிரண்டாவது டப்பா

துருக்கியின் அந்தெப் நகரில் உள்ள எங்கள் தையற்கூடத்தில் பன்னிரண்டு பெண்களுக்கும் மதியச் சாப்பாடு ஹாஜர் அக்காவின் டப்பாதான். முழுக்கோதுமை ரவையை வெந்நீரில் ஊறவைத்து, பாழாய்ப்போன ஒரு கண்ணாடித் தட்டால் மூடிவைப்பாள். பிறகு தக்காளி, புதினா, மாதுளைப் பாகு சேர்த்துப் பிசைவாள்.

அன்று டப்பாக்களை அனுப்பிவிட்டுத் தட்டைக் கழுவியபோது விளிம்பில் நகமளவு துண்டைக் காணோம். செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"எவளும் வாயில வைக்காதீங்கடி! உள்ள கண்ணாடி கிடக்கு!"

பதினொரு டப்பாவையும் கொட்டிக் கிளறினோம். எதிலும் இல்லை.

"இன்னொண்ணு எங்கடி?" அக்கா டப்பாக்களை எண்ணிப் பார்த்துக் கேட்டாள்.

புதிதாகச் சேர்ந்த நாஸ்லி காலி டப்பாவோடு எழுந்தாள்.

"கல்லுன்னு நெனச்சேன் அக்கா. துப்பினா நீங்க வருத்தப்படுவீங்கன்னு முழுங்கிட்டேன்."