அணைக்கார அக்காவின் டம்ளர்

கரையின் அடிவாரத்தில் குந்தி உட்கார்ந்து, கசிந்து வரும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடிக்கிறார். எழுந்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். தெளிவாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுக் கொட்டிவிடுவார். தினமும் பல் துலக்குவதற்கு முன்பே இந்த வேலை முடிந்துவிடும்.

எல்லோருக்கும் அவர் அணைக்கார அக்கா. தொழில் தையல். அறுபதைத் தாண்டியும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பார். பார்க்க ஆள் இருந்தால் உருவிவிட்டு இன்னொரு தடவை கோப்பார். அந்தச் சின்ன மண் அணை அவருடைய அப்பா கட்டியது. இப்போது அவருக்குச் சொந்தம். "மண் அணைன்னா வேர்க்கத்தான் செய்யும். வேர்வை தெளிவா இருக்கணும், அவ்வளவுதான். கலங்குச்சுன்னா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம்" என்பார்.

கரையில் எலி வளை கண்ணில் பட்டால் அந்த எலியின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். தண்ணீர் மட்டும் தளும்பத் தளும்ப நிற்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே தைத்தால்தான் தையல் நேராக வருமாம்.

அணைக்கு நேர் கீழே தம்பி வீடு. பாகம் பிரித்தபோது அக்காவுக்கு அணை, தம்பிக்குக் கீழ் நிலம். வீடு கட்டிய கையோடு தண்ணீரைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் தம்பி. "வேணும்னா உன் வீட்டத் தூக்கி வேற எடத்துல வச்சுக்கோ" என்றார் அக்கா. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம்தான். ஆனால் இரண்டு வீட்டிலும் டீ நன்றாக இருக்கும், என்ன செய்வது.

போன மழைக்குப் பிறகு ஒரு காலை, தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. "டம்ளர்தான் அழுக்கு" என்று தேய்த்துக் கழுவினார். மறுநாளும் கலங்கல். போய்ப் புது டம்ளர் வாங்கி வந்தார். அதிலும் கலங்கல்தான். "வெயிலே சரியில்ல" என்றார். ஊசித் துளை தெரிகிற கண்ணுக்கு இது தெரியாதா? நானும் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது கீழே தம்பி பெண்டாட்டி துணி காயப்போட வந்தார். அக்கா கையில் டம்ளரோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். விறுவிறுவென்று இறங்கிப் போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார். "எல்லாரும் மேட்டுக்குப் போயிடுங்க. தண்ணி கலங்கிடுச்சு. நான் மதகத் திறக்கப் போறேன்."

மதகுச் சக்கரம் துருவேறிக் கிடந்தது. ஒற்றை ஆளுக்கு அசையவில்லை. பெண்டாட்டியை மேட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த தம்பி, மறுபக்கம் பிடித்தார். தண்ணீர் பக்க வாய்க்காலில் இறங்கியது.

இப்போது அணையில் பாதித் தண்ணீர்தான். ஆள் வைத்துக் கரையைக் கெட்டிப்படுத்துகிறார்கள். சேறு தெரிகிற அந்தப் பக்கம் அக்கா திரும்புவதே இல்லை. தையல் மெஷினைக்கூடச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டார்.

நேற்றுக் காலையும் டம்ளரோடு உட்கார்ந்தார். கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, நிறைய நேரமாயிற்று. வழக்கம்போல் வெயிலுக்குத் தூக்கவில்லை. நேரே தம்பி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் நீட்டினார்.

"நீ பாரு. என் கண்ண நம்ப முடியல."

தம்பி தூக்கிப் பார்த்தார். "தெளிவாதான் இருக்குக்கா" என்று டம்ளரைத் திருப்பி நீட்டினார். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. தம்பியின் விரல்களை டம்ளரின் மேலேயே அழுத்தி மூடிவிட்டு, மேட்டில் ஏறிப் போனார்.