படையல் பழம்

துவா தன் ஈரலில் ஒரு துண்டை மகள் தியெப்புக்குக் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து புது ஈரலை உடம்பு ஒதுக்காமலிருக்க மகளுக்குத் தரும் மாத்திரை காலை ஏழு, மாலை ஏழு என்ற நேரம் ஒருநாளும் தப்பியதில்லை. ஹியூ நகரச் சந்தையில் அவளுக்கு 'மணிக்கூண்டு' என்றே பெயர். அப்படிப்பட்டவளின் பிள்ளைக்குக் கை நடுங்கியது. சோதித்தால், ரத்தத்தில் மருந்து இரண்டு மடங்கு.

"தெரியாம ரெண்டு வேளை குடுத்துட்டியாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"சத்தியமா இல்லீங்க."

"அப்ப புதுசா என்ன சாப்பிட்டா?"

ஆபரேஷன் நடந்த வருடம் நட்ட பம்பளிமாஸ் மரம் இப்போதுதான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. முன்னோர் பீடத்தில் படைத்து, ஆசி சேரட்டும் என்று நாலு நாளாகச் சுளை சுளையாக ஊட்டியவள் துவாதான்.

"அது மருந்த உடம்பவிட்டு இறங்க விடாதும்மா. ஆகாத பழம்னு நாங்க குடுத்த தாள்ல கிரேப்ஃப்ரூட் போட்டிருந்துதே? இதுவும் அதோட ஜாதிதான்."

"அந்தச் சீமைப் பழத்த நான் கண்ணால கூடப் பாத்ததில்ல டாக்டர். எங்க வீட்டுக் கொல்லையில இருக்கறத எழுதினா என்னவாம்?"

டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கி, பேனாவால் 'பம்பளிமாஸ்' என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில், பீடத்தின்மேல் இன்னும் ஒரு பழம் மிச்சம் இருந்தது. படைத்ததை எறியக் கூடாது.

"நீ தின்னும்மா," என்றாள் தியெப். "உனக்குத்தான் மாத்திரை கெடையாதே. உன்கிட்ட இருக்கறதும் அதே ஈரல்தானே?"

அழக்கூடத் தெம்பில்லாமல் துவா தரையில் உட்கார்ந்தாள். மகளின் பங்கையும் சேர்த்துத் தின்றாள். பழம் நல்ல தித்திப்பு.