காலியாக விட்ட தேதி

எங்காவது சூட்டில் வாடும் மல்லிகையை முகர்ந்தால், எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, எக்செல் வருகிறது. மலையடிவாரத்துச் செங்கம் ரோட்டில் ஆறு அறைகளை வாடகைக்கு விட்டிருந்த அக்கா, கம்ப்யூட்டர் மானிட்டர் மேல் தினம் ஒரு முழம் பூ வைப்பார். மதியத்துக்குள் பூ வெந்து வீடே மணக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் உட்காராத காலுக்கு ஏற்ற வேலை. கிரிவலக் கூட்டம் சேரும் பௌர்ணமிக்கு முதல் நாள் காலை அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஓடியா. ஃபைலத் தொறந்தா ஆளுங்க காணாம போறாங்க."

அது தங்குபவர்களின் பட்டியல். முந்தின நாள் கிளம்பிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் அதில் ஒரு மாக்ரோ, ஒரு குட்டி நிரல், எழுதி வைத்திருந்தார். ஃபைலைத் திறந்ததும் தானாக ஓடும். கிளம்பும் தேதி வந்துவிட்டவர்களின் பெயரை அழித்துவிட்டு, அறை காலி என்று காட்டும். அதை நம்பி நாலாம் அறையை வேலூர்த் தம்பதிக்குச் சொல்லிவிட்டார் அக்கா. வயதானவர்கள்; மாலை பஸ்ஸில் வருகிறார்கள். நாலாம் அறையிலோ மூன்று மாதமாக ஒரு மௌன சாமி.

"ஆறாம் நம்பர் காலின்னு காட்டுதேக்கா?"

"அதுக்கும் யாருக்காவது வாக்கு குடுத்து, இது முழுங்கியிருந்தா? போன பௌர்ணமிக்குக் கைக்குழந்தையோட வந்தவங்கள எடமில்லாம வாசல்லயே திருப்பி அனுப்பினேன். இன்னொரு தடவ என்னால முடியாதுப்பா."

"என் நோட்டு என்னைக்காவது ஆள முழுங்குச்சா?" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் கணவர்.

"உங்க கையெழுத்துல யார் பேரும் தெரியாது. சும்மா இருங்க."

கிளம்பும்முன் அவரே ஃப்ளாப்பியில் எடுத்துவைத்த நகல் ஒன்று இருந்தது. அதைத் திறந்தாலும் பெயர்கள் மறைந்தன. அசல் ஃபைலைச் சேவ் செய்துவிட்ட அக்கா, நல்லவேளை, இதைச் சேவ் செய்யாமல் மூடியிருந்தார். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி மறுபடி திறந்தேன். அப்படித் திறந்தால் மாக்ரோ எழுந்திருக்காது. பெயர்கள் அத்தனையும் அசையாமல் நின்றன. ஆறாம் அறை யாருக்கும் சொல்லப்படவில்லை; அதிலிருந்தவர் அன்று காலைதான் கிளம்பியிருந்தார்.

கிளம்பாமலே மறைந்தவர்கள் எல்லோருக்கும் கிளம்பும் தேதி காலியாக இருந்தது.

"ஏன்க்கா போடல?"

"கேட்டேன்பா. மௌன சாமி மலையக் கை காட்டினாரு. அது எப்ப அனுப்புதோ அப்ப போறாராம். அத எந்தக் கட்டத்துல எழுதறது?"

இயந்திரத்துக்கு மலை தெரியாது. காலிக் கட்டம் அதற்குப் பூஜ்யம். பூஜ்யம் என்றால் என்றோ முடிந்துபோன ஒரு நாள். 'தேதி இல்லாதவரைத் தொடாதே' என்று ஒரு வரி சேர்த்தேன். ஷிஃப்ட் இல்லாமல் திறந்தோம். மௌன சாமி நாலாம் அறையில் கம்மென்று இருந்தார். அக்கா கைதட்டினார்.

மாலையில் வேலூர்த் தம்பதி ஆறாம் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன். அக்கா கேட் வரை வந்தார்.

"அடுத்து எப்ப வருவ?"

"தெரியலக்கா. பாக்கலாம்."

"தேதி சொல்லிட்டுப் போ தம்பி. காலியா வுட்டியோ, அந்தப் பழைய மாக்ரோகிட்ட புடிச்சிக் குடுத்துடுவேன்."