கழுதைக்குக் குளம்பு வெட்டும் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் 'நகவெட்டி' என்று பெயர். வைத்தவன் நான்தான். ஆயுசு முழுக்கத் தச்சுப் பட்டறையில் இழைப்புளி பிடித்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கு வெளியே இருக்கிற விலங்குக் காப்பகத்தில் போய்க் கழுதைக்கும் குதிரைக்கும் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பது? காப்பகத்து கேட்டைச் சரிசெய்யத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். போன இடத்தில், ஒரு கழுதையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அங்கே இருக்கிற கால்நடை டாக்டரம்மா அரத்தோடு திண்டாடுவதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அந்த கேட் இன்றைக்கும் சரியாக மூடாது.

"மரமும் குளம்பும் ஒண்ணுதான்டா. ராவுற கை ஒண்ணுதான். என்ன, மரம் உதைக்காது" என்பார்.

உதைக்கிற ஜாதியோடு அவர் பேசுகிற பேச்சில் கால்வாசியை வீட்டில் பேசியிருந்தால் என் அக்கா இங்கேயே இருந்திருப்பாளோ என்னவோ. மகளின் பிரசவத்துக்கென்று வேறு ஊருக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "நீங்களும் வந்துடுங்க" என்று அக்கா வருஷா வருஷம் கூப்பிடுவாள். "இது ஒண்ணு மட்டும் நடக்கட்டும், வந்துடறேன்" என்பார் அத்தான். ஒன்று நடந்து முடிவதற்குள் இன்னொன்று நொண்டிக்கொண்டு வந்து நிற்கும்.

அவர் வீட்டுக்கு எப்போதாவது போவேன். பாத்திரக் கூடையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். கட்டிலில் அக்கா படுக்கிற பக்கம் பழைய பேப்பர் அடுக்கு. டிவி ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க மாட்டார். அடுப்பருகே நின்றபடியே சாப்பிடுவார். ஏன் அத்தான், உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா என்று கேட்டால், "உக்காந்தா எதிர்ல யாராச்சும் இருக்கணும்டா" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் மூடிப்போன செங்கல் சூளை ஒன்றிலிருந்து இரண்டு கழுதைகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். கொட்டடியில் அடைத்துத் தீனி மட்டும் போட்டுவிட்டு எவனோ மறந்துவிட்டான். சாம்பலுக்கு முன்னங்கால் குளம்பு இரண்டும் நீண்டு, மேலே சுருண்டு, ராஜா காலத்துச் செருப்பு மாதிரி இருந்தன. பாவம், குதிகாலை ஊன்றித்தான் நிற்கும். கறுப்புக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனால் சாம்பல் எங்கே நிற்கிறதோ அதன் தோளை ஒட்டித்தான் அதுவும் நிற்கும்.

இந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. எவ்வளவு பார்க்கச் சகிக்காமல் இருந்தாலும் ஒரே நாளில் வெட்டி அழகாக்கிவிடக் கூடாது. கோணல் குளம்போடு வருஷக்கணக்கில் நின்ற காலில் நரம்பெல்லாம் அந்தக் கோணலுக்குத் தக்கபடி இழுத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் வெட்டணும், அரத்தால் ராவணும், நடக்க விடணும். சில வாரம் பொறுத்து மறுபடி கொஞ்சம். லாடம் கிடையாது; தன் காலில் மண்ணை மிதித்து நடந்தால் குளம்பு தானே திருந்தி வளரும். "இன்னைக்கு அழகு பார்த்தா நாளைக்கு நொண்டி" என்று காப்பகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் அத்தான் பாடம் எடுப்பார்.

அப்படிப்பட்டவர்தான் அந்தத் தப்பைச் செய்தார்.

அந்தத் தடவை அக்கா கெஞ்சவில்லை. மகளை விட்டு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். "இந்தத் தடவை வரலன்னா இனிமே கூப்பிட மாட்டேன்" என்றாள். அத்தானும் நிஜமாகவே கிளம்பினார். முடி வெட்டிக்கொண்டார். பேத்திக்கு மரத்தில் ஒரு சின்ன நாற்காலி செய்து பேப்பரில் சுற்றி வைத்தார். கிளம்புகிற அன்று காலையில், போவதற்குள் சாம்பலை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று காப்பகம் போனவர், இரண்டு மூன்று தடவையில் வெட்ட வேண்டியதை ஒரே தடவையில் வெட்டிவிட்டார். குளம்புக்கு அடியில் ரத்தம் கசிந்தது. சாம்பல் ஓரடி வைத்தது, முனகியது, அப்படியே படுத்துவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ரயில் ஏறியிருப்பார் என்று நிம்மதியாக இருந்தேன். மறுநாள் அக்கா போன் செய்தாள். "ரயில் காலியாயிடுச்சு தம்பி. பெட்டி பெட்டியா பார்த்துட்டேன். அவரைக் காணோம். போனும் எடுக்கல. குழந்தை வேற 'தாத்தா எங்க, தாத்தா எங்க'ங்குது." கூட்டமெல்லாம் போன பிறகும் நின்றிருக்கிறாள். அவள் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

காப்பகத்துக்கு ஓடினேன். வைக்கோலில் உட்கார்ந்திருந்தார். சாம்பலின் தலை அவர் மடியில். இரண்டு காலிலும் கட்டு. பக்கத்திலேயே கறுப்பு. போன் மேஜையில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

"அத்தான், உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினேன். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நான்தான்டா வெட்டினேன்" என்றார். "டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தானா எழுந்து நின்னாத்தான் பொழைக்கும். இல்லன்னா ஊசி போட்டு முடிச்சுடுவாங்க."

"அக்கா அங்க ஸ்டேஷன்ல நின்னுட்டிருந்தா."

அவர் முகம் அப்படியே இடிந்துபோனது. அன்றைக்கே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். "சரி, பரவால்ல" என்று அக்கா வைத்துவிட்டாளாம்.

சாம்பல் பிழைத்தது. கறுப்பு தின்றால்தான் தின்றது, கறுப்பு தண்ணீர் குடித்தால்தான் குடித்தது. எழுந்து நின்ற அன்று அத்தான் எனக்குப் போன் செய்து அழுதார். அதற்கப்புறம் ஒரு நாளும் அவசரப்படவில்லை. வாரங்கள் ஓடின, மாதங்கள் ஓடின, மழை வந்து போனது. கொஞ்சம் கொஞ்சமாக ராவி, அடுத்த வருஷம் சாம்பல் நாலு காலையும் சமமாக ஊன்றி நடந்ததை நானே பார்த்தேன். அழகான நடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலியில்லாத நடை.

தோட்டம் வைத்திருந்த ஒருவர் கறுப்பை மட்டும் கேட்டு வந்தார். நொண்டியாய் இருந்தது எனக்கெதற்கு என்றார். அத்தான் குரல் உயர்த்தி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா ரெண்டும் இங்கயே இருக்கும். கழுதையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஜோடி பிரிஞ்சா தின்னாது, குடிக்காது. ஏங்கியே செத்துடும்."

வந்தவர் யோசித்து, சரி என்று இரண்டையும் வண்டியில் ஏற்றினார். வண்டி போனது. எனக்கு நாக்கு அரித்துக்கொண்டே இருந்தது. அடக்க முடியவில்லை.

"கழுதைக்கு இவ்வளவு பேசுறீங்களே அத்தான். என் அக்கா எப்படி இருக்கா, சாப்பிடுறாளான்னு ஒரு நாளாவது நினைச்சீங்களா?"

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. காலியான கொட்டடியைப் பார்த்தபடியே கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். பிறகு போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். அவர் காது மந்தம் என்பதால் சத்தம் வெளியே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"நான் வரட்டுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் "வரேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது, பேத்தி எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வேணாங்க" என்றாள் அக்கா. "ரொம்ப நாள் உங்களை எதிர்பார்த்தேன். அன்னைக்கு ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்குத் திரும்புனப்போ அதை விட்டுட்டேன். இப்போ நிம்மதியாத்தான் இருக்கேன். உங்க மேல கோவம்லாம் இல்லீங்க, சத்தியமா இல்ல. நேரத்துக்குச் சாப்பிடுங்க. உடம்பைப் பாத்துக்கங்க."

"சரிம்மா" என்றார்.

கோபம் என்றால் நான் சமாதானம் பேசியிருப்பேன். அக்காவின் கோபத்தைச் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். அத்தான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கோவம் இல்லையாம்டா" என்றார்.

அவரை வைக்கோலில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.