கொல்லையில் கூட்டிய சருகு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு புங்கமரமும் ஒரு கொய்யாவும் உண்டு. ஐப்பசி மழை பிடித்ததும் அவற்றின் அடியில் ஒரு குருவி வந்துவிடும். மைனா அளவு இருக்கும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை இழுத்தாற்போல் ஒரு கோடு. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதுபோல் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்பார்கள். மற்ற நேரமெல்லாம் சருகைப் புரட்டிப் பூச்சி தின்றுகொண்டிருக்கும்.

முதலில் பார்த்தவள் என் மனைவி. "ஏங்க, ஓடியாங்க! முருகனோட மயிலு குட்டி போட்டு நம்ம கொல்லையில வுட்டுட்டுப் போயிருக்குது!" என்றாள். அன்று முதல் அந்தச் சருகில் துடைப்பம் படக்கூடாது. "அது வூட்ட நீங்க கூட்டாதீங்க" என்பாள்.

போன வருஷம் புரட்டாசியில் அவளுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. கொல்லையைப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டேன். மழை தள்ளிப்போனதில் குருவியும் வரவில்லை. குழறிய வாயால் தினமும் ஒரே கேள்விதான்: "வந்துச்சா?"

கார்த்திகை பிறந்தது. தீபத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்வது எப்போதும் அவள் வேலை. அந்த வருஷம் நான் செய்தேன். அழுக்கு வீட்டில் விளக்கேற்றினால் அண்ணாமலையார் இவள் பக்கம் திரும்பிப் பார்ப்பாரா என்று எனக்குப் பயம். கழுவினேன், துடைத்தேன். அந்த வேகத்தில் கொல்லையையும் வழித்துக் கூட்டி, சருகை மூன்று மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டுச் சாணம் தெளித்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுந்ததும் ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்தாள். "சருகு எங்க?" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை குருவி வந்தது. சாணத் தரையில் குதித்துக் குதித்து நடந்து, இரண்டு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, பின்பக்கத்துக் காலி மனைக்குப் பறந்துவிட்டது. நான் மட்டும்தான் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ரோட்டோரம் போய்ச் சருகை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று சிரித்தாள். "இன்னாண்ணா இது! ஊரே தீபத்துக்குக் குப்பைய வெளிய தள்ளுது. நீங்க மூட்ட கட்டி உள்ள கொண்டாறீங்க!"

"விருந்தாளி வராங்கம்மா" என்றேன்.

விருந்தாளி வரவில்லை.

தீபத்தன்று சாயங்காலம் கொல்லையில் அகல்களை வரிசையாக வைத்துவிட்டு நின்றேன். மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் இங்கே எந்த வீட்டிலும் விளக்கேற்றுவார்கள். ஆறு மணிக்கு உச்சியில் நெருப்பு எழுந்தது. தெருவே "அரோகரா" என்றது. வெடிச்சத்தம் ஓய்ந்த ஒரு நொடியில் காலி மனையிலிருந்து அந்த விசில் லேசாகக் கேட்டது.

உள்ளிருந்து அவள் குரல்: "ஏங்க... நம்ம கொல்லையிலயா?"

கூப்பிய கை கூப்பியபடி, ஜோதியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆமாம்மா. கொய்யா அடியிலதான் நிக்குது."

உள்ளே போனபோது அவள் முகத்தின் ஒரு பாதி சிரித்துக்கொண்டிருந்தது. மார்கழியில் போய்விட்டாள்.

கிரிவலம் போகும்போதெல்லாம் அந்தப் பொய்யை அண்ணாமலையாரிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

இந்த வருஷம் கொல்லைப்பக்கம் துடைப்பத்தை எடுக்கவில்லை. தீபத்துக்கு மறுநாள் குப்பைக் கார்த்திகை. குப்பைமேட்டுக்கும் ஒரு விளக்கு வைக்க வேண்டும். நேற்று சாயங்காலம் அதற்காக அகலும் தீப்பெட்டியுமாகக் கொல்லைக்குப் போனேன். கொய்யா அடியில் சருகு அசைந்தது. பிறகு கூவியது, இரண்டு தரம்.

தீக்குச்சியைக் கிழித்தால் பறந்துவிடும். அப்படியே நின்றேன். நன்றாக இருட்டிய பிறகு, "நம்ம கொல்லையிலதாம்மா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு விளக்கை ஏற்றினேன்.