உட்கார்ந்திருந்தபோது வாங்கிய மூச்சு

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால் குன்னூர்ப் பக்கத்தில் யாரும் அதை நோயாக எடுத்துக்கொள்வதில்லை. அதிலும் நான் கீழே சமவெளியிலிருந்து வந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கரூரில் கொசுவலை, பாலக்காட்டில் செங்கல் சூளை என்று எங்கும் நிலைக்காமல் திரிந்து, கடைசியில் தேயிலை பறிக்க இங்கே வந்தேன். செல்வத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் இத்தலாரிலிருந்து கேரட் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார்.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு ஏறும் படிகளில் நின்று நின்று போக வேண்டியதாயிற்று.

“ஏ புள்ள, மேட்டுப்பாளையத்து லாரியே கொண்டை ஊசி வளைவுல இரைக்குது. ரெண்டு உசுரச் சுமக்கறவளுக்கு இரைக்காதா?” என்று செல்வம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதே வாரம் இடது கால் மட்டும் வீங்கியது. தோட்டத்தில் அட்டை கடித்தால் கால் வீங்கும். அதுதான் என்று நினைத்தோம். மாமியார் நீலகிரித் தைலம் ஊற்றிக் கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்துவிட்டார். தலைவலியோ சுளுக்கோ, இந்த மலையில் எதற்கும் முதலில் தைலம்தான். தேய்த்தபோது சுகமாகவே இருந்தது. மறுநாளும் தேய்க்கச் சொன்னேன்.

பிறகு ஒரு காலை, சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வலது விலாவில் கத்தி செருகியது போல ஒரு குத்தல். இழுத்த மூச்சு பாதியில் நின்றது. நெஞ்சு படபடவென்று அடித்தது. நான் எந்த மேட்டிலும் ஏறவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“வாய்வா இருக்கும் கண்ணு. சுக்குக் காப்பி வெக்கறேன்.”

“இல்லீங்கத்தை, இது வேற. அவரை வண்டி எடுக்கச் சொல்லுங்க.”

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், வீட்டில் பேசி முடிவெடுக்கக் காத்திருக்காதீர்கள்.

குன்னூர் மருத்துவமனையில் இருந்த பெண் மருத்துவர் என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். ஆக்சிஜன் குறைவாக இருந்தது. பிறகு தையல்காரர் போல நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார். இடதுதான் பருத்திருந்தது; அதில் தைலமும் மணத்தது.

“இதைத் தேய்ச்சீங்களா?”

“தைலம் போட்டுத் தேய்ச்சோமுங்க,” என்றார் மாமியார்.

“இனிமே இந்தக் கால்ல யாரும் கை வெக்கக் கூடாது.”

அவர் திட்டவில்லை. கர்ப்பத்தில் இரத்தம் எளிதாக உறையும். காலில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அழுத்தித் தேய்த்தால் அது பெயரக்கூடும் என்றும் சொன்னார். ஹெப்பாரின் (இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் கோவைக்கு அனுப்பினார். மலை இறங்கும் பர்லியார் வளைவுகளில் மாமியார் என் இடது காலைத் தொடாமல், வலது காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கோவையில் காலுக்கு டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலி அலைப் பரிசோதனை) எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. கட்டி முழுதாகப் பெயர்ந்து மேலே போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றார் மருத்துவர். உறுதி செய்ய நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் (கதிர் செலுத்திக் குறுக்குவெட்டாகப் படமெடுப்பது) வேண்டும்.

மாமியார் கதவை மறித்தாற்போல் நின்றார். “வயித்துப் புள்ளைக்குக் கதிர் ஆகாதுங்க டாக்டர். வேற ஏதாச்சும் பாருங்க.”

“வயித்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம்தாம்மா. இவங்களுக்கு மூச்சு நின்னுட்டா குழந்தைக்கு என்ன இருக்கு?”

செல்வம் என்னைப் பார்த்தார், அவர் அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“எடுங்க டாக்டர். கையெழுத்து நான் போடறேன்,” என்றேன். அத்தனை சொல்லைச் சேர்த்துச் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு முட்டியது. பயம் இருந்தது. ஆனால் தெரியாமல் சாவதற்கு நான் தயாராக இல்லை.

படம் தெளிவாக விழுவதற்காக ஏற்றிய மருந்து உடலில் பரவியதும் தொண்டையிலிருந்து தொடை வரை சூடு பரவியது. “மூச்சைப் பிடிங்க,” என்றது ஒலிபெருக்கி. பிடிக்க மூச்சிருந்தால் இங்கே ஏன் வரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பிடித்தேன்.

வலது நுரையீரலில் இரண்டு கட்டிகள். நோய் இன்னதென்று உறுதியாகத் தெரிந்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

அதன்பின் காலையும் மாலையும் வயிற்றின் பக்கவாட்டில் அதே வகை ஊசி. மருந்து குழந்தைக்குப் போகாது என்று சொல்லியிருந்தார்கள். ஊசியைப் பார்த்தாலே செல்வம் வெளியே போய்விடுவார். “கொண்டை ஊசி வளைவெல்லாம் ஓட்டுவீங்க, இத்துனூண்டு ஊசிக்கு ஓட்டமா?” என்று கேட்டுவிட்டு நானே போட்டுக்கொள்ளக் கற்றேன். தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்துவேன். உள்ளே குழந்தை உதைக்கும்.

பிரசவத்துக்கு நாள் குறித்து, இரத்தப்போக்கு அதிகமாகாமல் இருக்க முந்தின நாளே ஊசியை நிறுத்தி, கோவையிலேயே வைத்துப் பார்த்தார்கள். பெண். பிறந்ததும் கத்தினாள். அந்தச் சின்ன நெஞ்சுக்குள் அவ்வளவு காற்றா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

பிறகும் சில வாரங்கள் ஊசி தொடர்ந்தது. அது முடிந்த மறுநாள் மாலை, அதே வேளையில், கை தானாக வயிற்றைக் கிள்ளிப் பிடித்தது. குத்துவதற்கு ஒன்றுமில்லை. விடுவதற்கு மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன். எந்த ஊரையும் பாதியில் விட்டுப் போனவள் நான்; இந்த உடம்பை மட்டும் விட்டுப் போக முடியவில்லை. இப்போது மாலைகளில் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. மகள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மூச்சு ஒன்று, என் மூச்சு ஒன்று என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.