கொட்டிக்கிழங்குத் தொட்டி

ஏரியில் ஜேசிபி தூர் வாருகிறது. அந்தச் சேற்று வாடை வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எண்பதுகளில் ஒரு வறட்சி. காய்ந்த ஏரியின் வண்டலை ஊரே வண்டி கட்டித் தோட்டத்துக்கு அள்ளியது. நீரில் மிதந்து பூக்கும் கொட்டிச் செடியின் கிழங்குகளும் அதோடு போயின. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அது கிடையாது. மிஞ்சியதை அம்மா சேற்றோடு அள்ளிவந்து மாட்டுத் தொட்டியில் போட்டாள்.

"மாட்டுக்கே தண்ணி காணோம், செடிக்கு ஊத்தறயா?" என்று அப்பா கத்தினார்.

"மாடு பென்னாகரம் சந்தையில கெடைக்குமுங்க. இது எங்க கெடைக்கும்?" என்றாள் அம்மா.

தீவனமில்லாமல் மறுவாரமே அப்பா மாட்டை விற்றார். தொட்டி செடிக்கே ஆயிற்று. மழையில் ஏரி நிரம்பியதும் அம்மா அதைத் திரும்ப நட்டாள்.

இன்று நான் பக்கெட்டோடு இறங்கினேன். "ஓரமாப் போங்கக்கா!" என்று டிரைவர் கத்தினான். கிழங்கை வாரி நிரப்பிய பிறகுதான் உறைத்தது: எங்கள் வீட்டில் இப்போது தொட்டியே இல்லை.